ஆளுக்கு நாலு மாதம் என்று அம்மாவைப் பிரித்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 76 வயது. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் பலவீனம். சர்க்கரைக்குக் காலை, இரவு இரண்டு வேளை இன்சுலின். இப்போது இரண்டு மூன்று மாதமாக மறதியும் தெரிகிறது. திருச்சியில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நீங்கள் பள்ளி வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறீர்கள். அப்பா ரயில்வேயில் இருந்ததால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சென்னையில் இருக்கும் அண்ணன், "ஆளுக்கு நாலு மாசம் வைச்சுக்குவோம், அதுதான் நியாயம்" என்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, "நான் பணம் அனுப்பறேன், அக்காவே பார்த்துக்கட்டும்" என்கிறார். நாலு மாத முறை சரிவருமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நீங்கள் செய்யும் வேலை எவ்வளவு என்பதே மற்ற இருவருக்கும் தெரியவில்லை, அதைச் சண்டையில்லாமல் எப்படிப் பிரிப்பது? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் முதியோரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களோடு வேலை செய்யும் மருத்துவ சமூகப் பணியாளர். டாக்டரோ வக்கீலோ அல்ல, அம்மாவை நேரில் பார்த்ததும் இல்லை. எனவே மருந்து அளவு, பத்திரம் போன்றவற்றில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதும் வக்கீலுடையதும்தான்.

முதல் கேள்விக்கு என் பதில் நேரடியானது. அம்மாவை நகர்த்த வேண்டாம், பார்த்துக்கொள்கிற ஆட்கள் நகரட்டும். பக்கவாதம் வந்தவர், அதிலும் மறதி தொடங்கியவர், ஒரு வீட்டில் எழுந்து நடமாடுவது பாதி பழக்கத்தால்தான். உங்கள் வீட்டில் அவர் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குகிறார் என்று பாருங்கள். வலது பக்கம் பலவீனம் என்பதால் இடது பக்கமாக இறங்குவதுதான் அவருக்குச் சுலபம். சென்னை வீட்டில் கட்டிலின் இடது பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் அவர் பலவீனமான பக்கமாக இறங்க வேண்டிவரும். கட்டில் நான்கு விரல் தாழ்வாக இருந்தால்கூட எழ முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பார், பாத்ரூம் நிலைப்படியில் கால் தட்டும். முதியவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால் இந்த எட்டு மாதத்தில் பிசியோதெரபியில் மீட்டதெல்லாம் போய்விடும். மறதி உள்ளவர்களுக்கு இடம் மாறியதும் குழப்பம் கூடுவதும், பகல் தூங்கி ராத்திரி விழித்திருப்பதும், "வீட்டுக்குப் போகணும்" என்று நச்சரிப்பதும் சாதாரணமாக நடக்கும். புது வீட்டில் மெல்லத் தேறும் நேரத்தில் அடுத்தவர் முறை வந்துவிடும்.

முறை வைப்பது எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. தானாக நடக்கிற, தெளிவாகப் பேசுகிற, பேரன் பேத்திகளைப் பார்க்கத் தானே ஆசைப்படுகிற ஒரு பாட்டிக்கு அது நல்ல மாற்றமாகக்கூட இருக்கும். உங்கள் அம்மா இன்று அந்த நிலையில் இல்லை. ஏதோ காரணத்தால் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் நாலு மாதத்துக்குக் குறைத்து அனுப்பாதீர்கள். கட்டில் உயரம், இறங்கும் பக்கம், காமோடு நாற்காலி இருக்கும் இடம் மூன்றையும் இங்கே இருப்பதுபோலவே அங்கே முன்கூட்டி அமைத்துவிட வேண்டும். அவருடைய தலையணை, போர்வை, சாமி படம், கடிகாரம் கூடவே போகட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், போனிலும் படமாக இருக்கட்டும். பயணத்தில் "வழியில பாத்ரூம் கஷ்டம்" என்று தண்ணீரைக் குறைப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த வயதில் நீர்ச்சத்து குறைவதே குழப்பத்தையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். டயப்பர் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதே மேல்.

இந்த மறதி விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பங்கீடு முழுவதும் அதைப் பொறுத்தே மாறும். பக்கவாதத்துக்குப் பின் வருகிற மறதி என்றதும் எல்லோரும் டிமென்ஷியா, அதாவது போகப்போகக் கூடும் மறதி நோய், என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அப்படியும் இருக்கலாம். ஆனால் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதுவும் பார்ப்பதற்கு மறதி மாதிரியே இருக்கும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, அடிக்கடி சர்க்கரை இறங்குவது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது கேளாமை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. சில நாட்களுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால் அதை வயதின் மேல் போடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மெதுவாகக் கூடுவதாக இருந்தால் முதியோர் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ முழுமையாக ஒருமுறை பார்க்க வேண்டும். அண்ணன் சென்னையில் இருப்பது இதற்கு உதவும். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1978 முதல் முதியோர் மருத்துவம் நடக்கிறது. எந்தக் கிழமை வர வேண்டும், என்ன பரிசோதனை எடுத்து வர வேண்டும் என்று நேரில் போய் விசாரித்து வரும் வேலையை அண்ணனிடம் கொடுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. உடன்பிறந்தவர்களுக்குள் நடக்கும் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் சுயநலம் என்று நான் நினைக்கவில்லை. வேலையின் பட்டியலே யாரிடமும் இல்லை என்பதுதான் காரணம். வாரம் ஒருமுறை வீடியோ காலில் அம்மா தலை சீவி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவருக்கு அம்மா நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். அவரை அப்படி உட்கார வைக்க ஆன ஒன்றரை மணி நேரம் திரையில் வராது. அதனால் ஒரு நோட்டு வாங்கி ஏழு நாள் எழுதுங்கள். நேரம், செய்த வேலை, எத்தனை நிமிடம் ஆனது, தனியாகச் செய்ய முடிந்ததா. புலம்பலோ விளக்கமோ வேண்டாம், வெறும் பதிவு போதும். ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள். பகல் வேலையை ஆள் போட்டுச் சமாளிக்கலாம். தொடர்ந்து தூக்கம் கெடுவதுதான் பார்த்துக்கொள்பவரை முதலில் படுக்க வைக்கும்.

உதாரணமாக, "அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன்" என்ற ஒரே வரிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். நாற்காலியை இடது பக்கம், அதாவது பலமுள்ள பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். சக்கர நாற்காலியானால் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். அம்மா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்து, ஓரிரு நிமிடம் உட்கார வேண்டும். உடனே எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் முழங்காலை அவருடைய வலது முழங்காலுக்கு முன்னால் முட்டுக் கொடுத்தால்தான் அது மடங்காது. அவர் முன்னால் குனிந்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வந்தபின் எழ வேண்டும். இதைத் தெரியாத ஒருவர் வந்து வலது அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் செயலிழந்த தோள்மூட்டு நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. தூக்குபவர் முதுகும் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு இது ஆறு, எட்டு முறை நடக்கிறது. அண்ணன் வந்தால் முதலில் கற்க வேண்டியதும் இதுதான், முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் முன்னால்.

பலர் சேர்ந்து பார்க்கும்போது மட்டுமே வருகிற ஆபத்து ஒன்று உண்டு. அது கைமாறும் நேரத்தில் நடக்கும் தவறு. மகள் இன்சுலின் போட்டுவிட்டுக் கடைக்குப் போவார், வந்திருக்கும் அண்ணன் போடவில்லை என்று நினைத்து மறுபடி போடுவார். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். தேதி, வேளை, சர்க்கரை அளவு, எத்தனை யூனிட், போட்டவர் கையெழுத்து. ஊசி போட்டவரே, ஊசியைக் கீழே வைத்ததும் எழுத வேண்டும். போட்டார்களா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடக் கூடாது, சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரண்டு முறை ஊசி போட்டுவிடுவது மிகப் பெரிய ஆபத்து. சர்க்கரை 70க்குக் கீழே போனால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர் என்றால் கரைசலைவிட ஒரு மேசைக்கரண்டி தேன் பத்திரமானது. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. புதிதாக வாய் கோணுதல், கை தொங்குதல், பேச்சுக் குழறல் வந்தாலும் 108தான். தொடங்கிய நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அது பொருந்துமா என்பதை ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள்.

மாத்திரையிலும் இதே கதை. ஒரு டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் தனியாக எழுதியிருப்பார், இன்னொருவர் அதே காரணத்துக்காக எழுதிய க்ளோபிடோக்ரெல் மாத்திரைக்குள்ளும் ஆஸ்பிரின் கலந்திருக்கும். பெயர் வேறு என்பதால் இரண்டும் உள்ளே போகும். அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருள் பெயரையும் மில்லிகிராமையும் வைத்து ஒரே பட்டியல் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் வாரப் பெட்டியை ஒருவர் மட்டும் நிரப்பட்டும்.

ஏழு நாள் நோட்டு கையில் வந்ததும் எதை யார் எடுப்பது என்று பார்க்கலாம். இங்கே நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விதி: "உதவி" என்று யாரும் எதையும் எடுக்கக் கூடாது. ஒரு வேலையை எடுத்தால் அது தேவைப்படுகிறது என்று கவனிப்பதிலிருந்து முடிந்ததா என்று உறுதி செய்வது வரை அவருடையது. தம்பி மருந்தை எடுத்துக்கொள்கிறார் என்றால், ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி மாத்திரை, இன்சுலின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், டயப்பர் கையிருப்பைக் கேட்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டு, வந்து சேர்ந்ததா, அளவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது வரை அவர் வேலை. "அக்கா, என்ன வேணும்னு லிஸ்ட் அனுப்பு, போட்டு விடறேன்" என்பது பாதி வேலைகூட இல்லை. நினைவு வைத்துக்கொள்ளும் பாரம் உங்களிடமே இருக்கிறது. துபாயிலிருந்தே செய்யக்கூடியவை நிறைய உண்டு: மருந்து, டாக்டர் நேரம் வாங்குவது, மின்கட்டணம், ஆள் அனுப்பும் ஏஜென்சியோடு பேசுவது, கணக்கு எழுதுவது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அம்மாவோடு பேசுவதும் வேலைதான், அந்த நேரம் நீங்கள் வீட்டை விட்டு வெளியே போக முடிந்தால். ரயில்வே மருத்துவ அட்டை, பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி மருந்து, உயிர்வாழ் சான்று ஆகியவற்றை அண்ணனிடம் கொடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டிய அந்தச் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலேயே எடுத்துவிடலாம். நடக்க முடியாத அம்மாவை வங்கி வரிசைக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. 2021இல் தொடங்கிய திட்டம் அது. எத்தனை நாளுக்கொரு முறை வருவார்கள் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் தினசரிப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

அண்ணன் சொல்லும் நாலு மாதத்துக்குப் பதிலாக நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது அவர் திருச்சிக்கு வந்து இருக்கும் நாட்களை. வருடத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்து நாள் என்று தொடங்கலாம். தம்பியின் வருட விடுமுறையில் இரண்டு வாரம். முதல் இரண்டு நாள் நீங்கள் கூடவே இருந்து காட்டிக்கொடுங்கள். அதன்பின் நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இது கடுமையாகத் தோன்றும். ஆனால் நீங்கள் அங்கேயே இருந்தால் நடப்பது வேறு. அண்ணன் விருந்தாளி ஆகிவிடுவார். அவருக்குப் பிடித்த மீன் குழம்பும், வந்து பார்க்கும் சொந்தக்காரர்களுக்குக் காபியும் உங்கள் தலையில் விழும். அம்மா ராத்திரி கூப்பிடுவதும் உங்களைத்தான். பத்து நாள் கழித்து அவர், "நானும் வந்து பார்த்துக்கிட்டேனே" என்று கிளம்புவார். இரண்டாவது ஒன்று, சொல்லச் சங்கடமானது. மகன்களின் பங்கு என்று எழுதியது நடைமுறையில் மருமகள்களின் பங்காக மாறுவது நம் வீடுகளில் சாதாரணம். அண்ணி வந்து செய்வதாக இருந்தால் அதை அண்ணியிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, அவர் பெயரில் எழுதுங்கள். டயப்பர் மாற்றுவதும் உடம்பு துடைப்பதும் மகனிடம் செய்துகொள்ள அம்மா கூச்சப்படலாம். அதற்கு ஒரு பெண் உதவியாளரை அந்த நாட்களில் காலை இரண்டு மணி நேரம் வரச் சொல்லலாம். "எனக்கு அதெல்லாம் வராது" என்பதற்கு அது மருந்து.

ஆள் போடுவது பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் பகலா, இரவா என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் நிலையில் நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் பகல் ஆள். ராத்திரி நாலு முறை எழுகிறீர்கள் என்றால் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது ஆள். ஏஜென்சியில் கேட்க வேண்டியவை: ஆள் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியிருக்கிறதா, சம்பளத்தில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். பெரும்பகுதியை ஏஜென்சி எடுத்துக்கொண்டால் ஆள் நிலைக்க மாட்டார். வருபவர் நர்ஸ் அல்ல, உதவியாளர். இன்சுலினை அவரிடம் விடலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் கூட இருந்தாக வேண்டும். ஆள் வருவதற்கு முந்தைய நாளே அம்மாவின் நகைகளைப் படமெடுத்து, எடை எழுதி, மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டு லாக்கரில் வையுங்கள். நகை காணாமல் போனால் பழி முதலில் உதவியாளர் மேல் விழும், அடுத்து உங்கள் மேல்.

பணத்துக்கு வருவோம். மாதச் செலவைக் கூட்டி, அம்மாவின் ஓய்வூதியத்தை முதலில் கழியுங்கள். அது அவர் பணம், அவருக்குச் செலவாவதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம். மீதியை மூன்றாகச் சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் இல்லை. கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு: மொத்தச் செலவு 38,000, ஓய்வூதியம் 14,000, மீதி 24,000. அண்ணன் சம்பளமும் தம்பி சம்பளமும் 2:3 விகிதம் என்றால் 9,600, 14,400. நீங்கள் உங்கள் பங்கை நேரமாகக் கொடுக்கிறீர்கள். அம்மா செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தானாகப் போய்ச் சேரும்படி. ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு அதில் எப்போதும் இருக்க வேண்டும். பில்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் கேள்வி வராது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர், காப்பீடு இல்லாத மூத்த குடிமகனான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருடம் 50,000 வரை கழிவு கேட்கலாம், ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. எனவே யார் பெயரில் பில் கட்டுவது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். நீங்கள் இழக்கும் சம்பளத்துக்கு ஈடு கேட்கலாமா என்றால், கேட்கலாம் என்பதே என் கருத்து. "அம்மாவைப் பார்க்கக் காசா?" என்ற பேச்சு வரும். உங்கள் இடத்தில் ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று இரண்டு ஏஜென்சியில் கேட்டு எழுதி வையுங்கள், அந்தத் தாளே பதில் சொல்லும்.

சொத்தை இதோடு கலக்காதீர்கள். "வீட்டை உன் பேர்ல எழுதித் தர்றோம், நீ பார்த்துக்க" என்று யாராவது சொன்னாலும் அது அம்மா, தெளிவான மனநிலையில், தானே எடுக்க வேண்டிய முடிவு. அப்படி எழுதினால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது அம்மாவுக்குப் பாதுகாப்பு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. பவர் பத்திரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எழுதிக்கொடுத்தவரின் மனநிலை தவறிவிட்டால் பவர் செல்லாது. எனவே பின்னால் டிமென்ஷியா வந்தால் கைகொடுக்கும் என்று நினைத்து அதை எழுதி வைப்பதில் பயனில்லை. வங்கி விஷயத்தில், கையெழுத்துப் போட முடியாதவருக்கு வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு பேச்சை அம்மா தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மறுபடி பெரிய பக்கவாதம் வந்தால் வென்டிலேட்டர் வேண்டுமா, மூக்கு வழிக் குழாய் வேண்டுமா என்று அம்மாவையே கேளுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. பத்திரம் எழுதாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் டாக்டரோடு பேசுபவர் ஒருவர்தான் என்று மூவரும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். அதிகம் பார்த்துக்கொள்ளாத பிள்ளை கடைசி நேரத்தில் விமானத்தில் வந்து இறங்கி "எல்லாத்தையும் செய்யுங்க" என்று சத்தம் போடுவது ஐசியூ வாசலில் அடிக்கடி நடக்கும். அது குற்ற உணர்விலிருந்து வருகிறது. அதைத் தடுக்க, அடுத்த டாக்டர் சந்திப்பில் போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரையும் கேட்க வையுங்கள். நீங்கள் சொன்னால் அது "அக்கா பயமுறுத்தறா" ஆகிவிடும். டாக்டர் வாயால் வந்தால் அப்படி ஆகாது.

பேச உட்காரும்போது 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பழைய கணக்கு, அதாவது யார் கல்யாணத்துக்கு எவ்வளவு, யாரைப் படிக்க வைத்தார்கள் என்பது, தலைகாட்டினால் கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வையுங்கள். "நீங்க யாரும் கண்டுக்கறதில்ல" என்று தொடங்காமல், நோட்டை முன்னால் வைத்து, "அண்ணா, இதுல எதை நீங்க முழுசா எடுத்துக்க முடியும்?" என்று கேளுங்கள். முடிவை வாட்ஸ்ஆப் குழுவில் எழுதிப் போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பேசும் தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள். அம்மாவின் நிலை மாறும், அதனால் பங்கீடும் மாற வேண்டிவரும். இதெல்லாம் செய்தும் ஒருவர் கைகழுவினால், மேலே சொன்ன அதே சட்டத்தின் கீழ் அம்மா வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். மகன், மகள் எல்லோருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் அது பணத்தைத்தான் பெற்றுத்தரும், ராத்திரி எழுந்து பார்க்க ஆளைக் கொண்டுவராது. வழக்குக்குப் பிறகு அந்த அண்ணன் வீட்டு வாசல் ஏறுவாரா என்பதையும் எடைபோட்டுத்தான் போக வேண்டும். பொதுவாக இதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி எனக்கு உறுத்தியது: "முதுகு வலி இருக்கு, அதை விடுங்க." விட வேண்டாம். தூக்கம் நாலு மணி நேரத்துக்குக் கீழே போவது, அம்மா மேல் கை ஓங்கத் தோன்றுவது, உங்கள் மாத்திரையை நீங்களே மறப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நோட்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ராத்திரிக்கு ஆள் போட்டுவிட்டு, செலவைத் தம்பியிடம் சொல்லுங்கள். அண்ணனிடம் கேட்கும் முதல் பத்து நாளுக்கும் பொதுவாக "சீக்கிரம் வாங்க" என்று சொல்லாமல் இரண்டு தேதிகளைக் கொடுத்து, இதில் எது என்று கேளுங்கள். டிக்கெட் போட்ட பிறகு உங்கள் பள்ளியில் பேசலாம்.